தோல் தொட்டியும் பாக்டீரியாவும்: ஒரு புரதத்தின் சென்னை வரலாறு

குன்றத்தூருக்குக் கிழக்கே பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை வட்டாரம் தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போனது. தமிழகத்தில் பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் தோலைப் பதப்படுத்தின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமிய உப்பு வந்து சேர்ந்தது. பட்டையோ உப்போ, சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய தோலில் அது பற்றிக்கொள்வது ஒரே புரதத்தைத்தான்: கொலாஜன்.

அதன் வடிவம் துலங்கியதும் சென்னையில்தான். 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாற்றில் இருக்கிறது. அருகிலேயே கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக வளாகம். அந்த நிறுவனத்திடமிருந்து கங்காரு வால் தசைநாண் பெற்று, அதில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்த ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் 'நேச்சர்' இதழில் மூவிழை அமைப்பை வெளியிட்டார். மறு ஆண்டே அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார். கயிறுபோல் முறுக்கிய மூன்று இழைகள். உட்புறம் இடம் மிகக் குறைவு என்பதால் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் மிகச் சிறியதான கிளைசின். மற்ற இடங்களில் புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் மிகுதி.

கொலாஜனைப் பாக்டீரியாவில் தயாரிக்க முயல்வோருக்கு இந்த ஹைட்ராக்சிபுரோலினில்தான் சிக்கல். மரபுக்குறியீட்டின் வழக்கமான 20 அமினோ அமிலங்களில் அது இல்லை. இழை உருவான பிறகு, வைட்டமின் சி துணையோடு ஒரு நொதி புரோலினை அப்படி மாற்றுகிறது. மாற்றம் நிகழாத கொலாஜனின் முறுக்கு சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே பிரிந்துவிடும். நிகழ்ந்தால் சுமார் 39 டிகிரி வரை தாங்கும். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் ஈறு கசிவதற்கு இந்த மாற்றம் சரிவர நிகழாததே காரணம். எஷரிக்கியா கோலை பாக்டீரியாவுக்கு அந்த நொதி கிடையாது. மனிதக் கொலாஜன் மரபணுவை மட்டும் அதற்குள் புகுத்தினால் கிடைப்பது உடல் வெப்பத்தில் நிற்காத புரதம்.

தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது: வழக்கமில்லாத அமினோ அமிலங்களைப் பாக்டீரியாவின் புரதத்தில் சேர்க்கும் ஆய்வு. 1957இலேயே கோவி, கோஹன் என்னும் ஆய்வாளர்கள் மெத்தியோனினுக்குப் பதில் செலினோமெத்தியோனினை ஊட்டி எஷரிக்கியா கோலையை வளர்த்திருந்தனர். 2001இல் பீட்டர் ஷுல்ட்ஸ் குழு, 'நிறுத்து' என்னும் குறியீடு ஒன்றையே புதிய அமினோ அமிலத்துக்கு ஒதுக்கியது. 2003இல் ஊட்டி வளர்க்கும் பழைய வழியிலேயே கொலாஜன் கைகூடியது: புரோலினைத் தானே தயாரிக்க இயலாத வகைப் பாக்டீரியாவை எடுத்து, வளர்ப்பு நீரில் உப்பைக் கூட்டி, ஹைட்ராக்சிபுரோலினை ஊட்டினர். உப்பின் அழுத்தத்தை ஈடுகட்டப் பாக்டீரியா அதை உள்ளிழுத்துச் சேர்த்துக்கொண்டு, புரோலின் இருக்க வேண்டிய இடங்களில் கோத்தது. விலங்குடலில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே இந்த மாற்றம் நிகழும். இங்கே எல்லா இடத்திலும் அதுவே நுழைவது இம்முறையின் பெருங்குறை.

அடையாற்றிலும் இத்துறை வேரூன்றியது. தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நிறைகுளம் அய்யாதுரையின் குழு, ஹைட்ராக்சிபுரோலினையும், சிப்பிகள் பாறையில் ஒட்டிக்கொள்ள உதவும் டோபா என்னும் அமினோ அமிலத்தையும் கொலாஜன் போன்ற புரதங்களில் பாக்டீரியா வழியே சேர்க்கும் ஆய்வில் ஈடுபட்டுள்ளது. காயக்கட்டுக்கும் திசு வளர்ப்புக்கும், விலங்குத் தோலை நாடாமல், நோய்க்கிருமி அச்சமற்ற கொலாஜனைப் பெறுவது இத்தகைய ஆய்வுகளின் நோக்கம்.