கருந்துணியில் நெய்த வேகம்

பந்தய மோட்டார் சைக்கிளின் வரலாறு ஆண்களின் வரலாறாகவே நமக்குச் சொல்லப்படுகிறது. அதன் எலும்புக்கூட்டைத் தொட்டுப் பார்த்தால் கதை மாறுகிறது.

2017இல் பந்தயத் தடத்துக்கென்றே பி.எம்.டபிள்யூ உருவாக்கிய ஹெச்.பி.4 ரேஸ், மொத்தம் 750 வண்டிகள். அதன் கார்பன் ஃபைபர் சட்டகம் 7.8 கிலோதான். அது உருக்கி வார்த்ததல்ல. கரிய இழைகளை அடுக்கி, பிசினூட்டி, சூட்டில் இறுக்கியது. இழை ஓடும் திசையில்தான் வலு. எங்கள் நீலகிரியில் தோடர் பெண்கள் நூலை எண்ணித்தான் பூத்குளியில் தையலிடுகிறார்கள். அது கைவினை, இது பொறியியல் என்று பிரித்துப் பெயரிட்டது யார்?

வலுவான கார்பன் இழையை உருவாக்கும் முறை 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பிறந்தது. அதைக் கண்டறிந்தவர்கள் ஆண்கள். அதே நிலையத்தில் 1936 முதல் 1969 வரை பணியாற்றியவர் பொறியாளர் பியட்ரிஸ் ஷில்லிங். 1934இல், தானே மேம்படுத்திய நார்ட்டன் வண்டியில் ப்ரூக்லண்ட்ஸ் தடத்தை மணிக்கு 106 மைல் வேகத்தில் சுற்றித் தங்க நட்சத்திரம் வென்றவர். உலகப் போரில், ஸ்பிட்ஃபயர் விமானம் தலைகுப்புறப் பாய்கையில் எஞ்சின் திணறுவதை, எரிபொருள் வழியில் பொருத்திய சிறு துளைத்தகட்டால் தடுத்தார். உயிர் தப்பிய விமானிகள் அதற்கு வைத்த பெயர், ‘மிஸ் ஷில்லிங்கின் துளை’. நன்றியிலும் நையாண்டி.

சென்னையின் அலிஷா அப்துல்லா ஆண்களோடு சூப்பர்பைக் பந்தயங்களில் ஓடினார். ஓட்டும் பெண் கண்ணுக்குத் தெரிந்துவிட்டாள். செய்யும் பெண் இன்னும் தெரியவில்லை. என் மாணவிகளில் பலர் முதுகில் தேயிலைச் சுமை தாங்கிய தாய்மாரின் மகள்கள். குன்னூர் வளைவுகளில் ஸ்கூட்டரைச் சாய்த்துத் திருப்புகிறார்கள். எடையைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். ஸ்பேனரையும் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.