இளநிலை இதழியல் சான்றிதழ்

இளநிலை இதழியல் சான்றிதழ் என்பது, பட்டப்படிப்பின் முதலாண்டு அளவுக்கு இதழியல் பயின்று தேறியவருக்குப் பல்கலைக்கழகம் வழங்கும் தகுதிச் சான்று. செய்தி சேகரித்தல், எழுதுதல், பிழை திருத்திச் செப்பனிடுதல், ஊடகச் சட்டம், இதழியல் அறம் ஆகியவை இத்துறையின் அடிப்படைப் பாடங்கள். அச்சகத்திலும் செய்திப் பிரிவிலும் பழகியே கற்றுவந்த தொழிலை வகுப்பறைக்குள் கொண்டுவர நடந்த முயற்சிகளிலிருந்து இச்சான்றிதழ் பிறந்தது.

தொடக்க முயற்சிகள்

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் வர்ஜீனியாவில் வாஷிங்டன் கல்லூரியின் தலைவராக இருந்த ராபர்ட் லீ, பத்திரிகைத் தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர்களுக்கு 50 உதவித்தொகைகள் வழங்க 1869இல் முன்மொழிந்தார். கல்லூரிப் பாடங்களோடு உள்ளூர் அச்சகத்திலும் அவர்கள் வேலை பழக வேண்டும் என்பது ஏற்பாடு. 1870இல் லீ இறந்தார். சில ஆண்டுகளில் திட்டமும் நின்றுபோனது. 1870களில் கார்னெல் பல்கலைக்கழகம் இதழியலுக்கெனச் சான்றிதழ் ஒன்றை அறிவித்தது.

இதழாளர் பிறவியிலேயே அமைய வேண்டும், கல்லூரியில் உருவாக்க முடியாது என்ற கருத்து அக்காலப் பத்திரிகை அலுவலகங்களில் வேரூன்றியிருந்தது. நியூயார்க் வேர்ல்ட் நாளிதழின் உரிமையாளர் ஜோசப் புலிட்சர், 1904இல் எழுதிய நெடுங்கட்டுரையில் அதை மறுத்தார். சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் கல்லூரி உண்டென்றால், மக்களாட்சியைக் காக்கும் தொழிலுக்கும் அது வேண்டும் என்பது அவர் வாதம். அவர் அளித்த கொடையால் கொலம்பியா பல்கலைக்கழக இதழியல் பள்ளி 1912இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1908 செப்டம்பர் 14இல், வால்டர் வில்லியம்ஸ் தலைமையில் மிசௌரி இதழியல் பள்ளி தொடங்கிவிட்டது. வகுப்பு தொடங்கிய அன்றே மாணவர் உழைப்பில் ‘யுனிவர்சிட்டி மிசௌரியன்’ நாளிதழும் வெளிவந்தது. உண்மையான வாசகருக்காக, உண்மையான கெடுவுக்குள் எழுதிப் பழகும் இம்முறையே இதழியல் கல்விக்குக் கிடைத்த மிகப் பெரிய கொடை.

பிரிட்டனில், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களை மனத்திற்கொண்டு 1919இல் லண்டன் பல்கலைக்கழகம் இதழியல் பட்டயத்தைத் தொடங்கியது. 1939இல் அடுத்த போர் மூண்டபோது அது நின்றது.

இந்தியாவில்

இந்தியாவின் முதல் முயற்சி சென்னையில் நடந்தது. அன்னி பெசன்ட் அடையாறில் நிறுவிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 1920 அளவில் இதழியல் கற்பிக்கப்பட்டது. மாணவர்கள் அவருடைய ‘நியூ இந்தியா’ நாளிதழில் பயிற்சி பெற்றனர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கிய படிப்பு விரைவிலேயே நின்றது. 1941இல் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பிருத்வி பால் சிங் தொடங்கிய துறையே நிலைத்தது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் அது டெல்லிக்குப் பெயர்ந்து, 1962இல் சண்டிகருக்குச் சென்றது. சென்னைப் பல்கலைக்கழகம் 1947இல் இதழியல் படிப்பைத் தொடங்கியது. மைசூர் மகாராஜா கல்லூரி 1951இல் அதை இளநிலைப் பட்டத்தின் விருப்பப் பாடமாக்கியது. பெரும்பாலும் பட்டம் முடித்தவரே படித்த இதழியல், பட்ட வகுப்புக்குள் நுழைய இது வழி திறந்தது.

இன்றைய வடிவம்

தேசியக் கல்விக் கொள்கை 2020, பட்டப்படிப்பில் ஆண்டுதோறும் வெளியேறவும் மீண்டும் சேரவும் இடம் தந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுக் கட்டமைப்பின்படி, முதலாண்டில் 40 கிரெடிட் (படிப்பை அளக்கும் அலகு) பெற்று, கோடை விடுமுறையில் 4 கிரெடிட் தொழிற்பாடம் ஒன்றையும் முடித்தவர் இளநிலைச் சான்றிதழுடன் வெளியேறலாம். 3 ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து, மொத்தம் 7 ஆண்டுகளுக்குள் பட்டத்தை முடிக்கலாம். குடும்பச் சூழலால் படிப்பை நிறுத்த நேரும் மாணவருக்கு, படித்த ஓராண்டு வீணாகாமல் காப்பது இதன் மெய்யான பயன்.

இந்தியாவில் இதழாளராகப் பணியாற்ற எந்தச் சான்றிதழையும் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆகவே இச்சான்றிதழ் தொழிலுக்கான உரிமம் அன்று. ஓராண்டுக்குள் மாணவர் களத்துக்குச் சென்று, கேட்டதைச் சரிபார்த்து, தம் பெயரில் செய்தி வெளியிட எவ்வளவு வாய்ப்பு அளிக்கப்படுகிறதோ, அவ்வளவே அதன் மதிப்பு.