லினக்ஸ் கணினியின் தொடக்கச் செய்திகள் மறைவது ஏன்? திரையில் தக்கவைப்பது எப்படி?

திருவனந்தபுரம்: கணினியை இயக்கியவுடன் கருந்திரையில் வெள்ளெழுத்து வரிகள் விரைந்தோடுகின்றன. சில நொடிகளில் திரை துடைக்கப்பட்டு, பயனர் பெயர் கேட்கும் ஒற்றை வரி மட்டும் நிற்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் எழுத்து முனையத்தைப் பயன்படுத்துவோர் அன்றாடம் காணும் காட்சி இது. கணினி சீராக இயங்கும் வரை இதனால் இழப்பில்லை. பழுது ஏற்படும் நாளில், பழுதின் காரணத்தைக் கூறும் வரியும் அவ்வாறே துடைக்கப்பட்டுவிடுகிறது.

கேரளத்தில் இது தொழில்நுட்ப வல்லுநர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. அம்மாநிலத்தின் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் கணினிகள் லினக்ஸிலேயே இயங்குகின்றன. அவற்றில் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வு கணினியிலேயே நடைபெறுகிறது. தேர்வு நாளில் ஒரு கணினி தொடங்க மறுத்தால், அது வட்டுப் பழுதா, கோப்பமைப்புச் சிதைவா, கழன்ற இணைப்பா என்பதை ஆசிரியர் உடனே அறிந்தாக வேண்டும். அதற்கான முதல் சான்று இந்தத் தொடக்கச் செய்திகளே.

கேரளமும் லினக்ஸும்

2001ஆம் ஆண்டு ஜூலை 20 அன்று ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தது திருவனந்தபுரத்தில்தான். அதே காலத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டமும் தொடங்கப்பட்டது. பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிய இத்திட்டம், 2017இல் 'கைட்' எனப்படும் அரசு நிறுவனமாக உருமாறியது. இதன் தலைமையகம் திருவனந்தபுரம் பூஜப்புரையில் உள்ளது. 2018இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின் கீழ் 4,752 பள்ளிகளின் 45,000 வகுப்பறைகள் கணினிமயமாக்கப்பட்டன.

கைட் வழங்கும் இயங்குதளம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. 18.04, 22.04 என உபுண்டுவின் பதிப்பெண்களையே அதுவும் கொண்டுள்ளது. ஆகவே உபுண்டு, டெபியன் ஆகியவற்றுக்குப் பொருந்தும் வழிமுறைகள் இங்கும் பொருந்தும். கீழே ஒலிபெயர்ப்பில் தரப்படும் கட்டளைகளைக் கணினியில் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

செய்திகள் எங்கிருந்து வருகின்றன?

தொடக்கச் செய்திகள் இரு மூலங்களிலிருந்து வருகின்றன. முதலாவது, இயங்குதளத்தின் கருவான கெர்னல். செயலி, நினைவகம், வட்டு, யுஎஸ்பி கருவிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கண்டறியும்போது அது ஒரு வரியை வெளியிடுகிறது. இரண்டாவது, 'சிஸ்டம்-டி' எனும் சேவை மேலாண்மை நிரல். வலையமைப்பு, அச்சுப்பொறி போன்ற சேவைகள் தொடங்கினவா, தோல்வியுற்றனவா என்பதை அது அறிவிக்கிறது.

பெரும்பாலான கணினிகளில் இவ்வரிகள் பல நூறு முதல் ஆயிரத்துக்கும் மேல் செல்லும். பழைய எழுத்துத் திரையில் ஒரே நேரத்தில் தெரிபவை 25 வரிகள். 1,080 புள்ளி உயரமுள்ள திரையில், 16 புள்ளி உயர எழுத்துருவில் 67 வரிகள் அடங்கும். எஞ்சியவை மேலே உருண்டோடிவிடும்.

மறைவதற்கான நான்கு காரணங்கள்

முதல் காரணம், செய்திகள் காட்டப்படாமலே போவது. உபுண்டுவில் கெர்னலுக்கு அனுப்பப்படும் அளபுருக்களுள், அமைதி எனப் பொருள்படும் 'குவயட்', முகப்புப் படத்தைக் காட்டும் 'ஸ்பிளாஷ்' ஆகிய இரு சொற்கள் இயல்பாகவே இடம்பெறுகின்றன. கெர்னல் செய்திகள் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பகுக்கப்பட்டவை. எண் குறைவாக இருந்தால் கடுமை மிகுதி. 'குவயட்' இருக்கையில், 4க்குக் கீழ்ப்பட்ட நிலைகளைச் சேர்ந்த பிழைச் செய்திகள் மட்டுமே திரைக்கு வரும். எச்சரிக்கைகள் வாரா.

இரண்டாம் காரணம், திரை துடைக்கப்படுவது. பயனர் பெயர் கேட்கும் வரியைத் தோற்றுவிப்பது 'கெட்டி' எனும் சிறு நிரல். திரையைத் துடைத்துவிட்டுப் பெயர் கேட்பது அதன் இயல்பு. அதைத் தடுக்க 'நோ-கிளியர்' எனும் தெரிவு உண்டு. 2015 ஏப்ரலில் வெளிவந்த டெபியன் 8, உபுண்டு 15.04 ஆகியவை சிஸ்டம்-டிக்கு மாறிய பின், அத்தெரிவு சேவைக் கோப்பிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. எனினும் திரை துடைக்கப்படுகிறது. அதே கோப்பில் 'டிடிஒய்-விடி-டிஸ்அலொகேட்' எனும் மற்றோர் அமைப்பு 'ஆம்' என இருப்பதே அதற்குக் காரணம். 'கெட்டி' தொடங்குமுன் முனையத்தை முற்றிலும் விடுவித்துப் புதிதாக அமைக்குமாறு அது பணிக்கிறது. 'நோ-கிளியர்' தெரிவை மட்டும் நம்பி முயல்வோர் ஏமாற்றமடைவது இதனால்தான்.

மூன்றாம் காரணம், பின்னோக்கி உருட்டும் வசதி நீக்கப்பட்டது. ஷிஃப்ட் விசையுடன் பேஜ்-அப் விசையை அழுத்தினால் மேலே சென்ற வரிகளைக் காணலாம் என்ற அறிவுரை இன்றும் பல கையேடுகளில் உள்ளது. பாதுகாப்புக் குறைபாடுகள் கண்டறியப்பட்டதாலும், நிரலைப் பராமரிக்க ஆளில்லாததாலும், 2020 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த வசதியைக் கெர்னலிலிருந்து நீக்கினார். 2020 அக்டோபரில் வெளிவந்த 5.9 பதிப்பு முதல் அது இல்லை. உபுண்டு 22.04 வெளிவந்தது 5.15 கெர்னலுடன். ஆகவே அதன் எழுத்து முனையத்தில் அவ்விசைகளால் பயனில்லை.

நான்காம் காரணம், திரைமுறை மாற்றம். வரைகலை இயக்கி ஏற்றப்படும் கணத்தில் தெளிவுத்திறனும் எழுத்துருவும் மாறுகின்றன. அப்போது திரையில் இருந்த முந்தைய வரிகள் இழக்கப்படலாம்.

ஒருமுறை மட்டும் காண

பழுதைக் கண்டறிய, அமைப்பை நிரந்தரமாக மாற்றத் தேவையில்லை. முகப்புப் படம் தோன்றும்போது எஸ்கேப் விசையை அழுத்தினால், பல கணினிகளில் படம் விலகிச் செய்திகள் தெரியும். இதுவே எளிய வழி.

அது போதாதெனில், கணினி இயங்கத் தொடங்கியதும் 'கிரப்' எனும் தொடக்கப் பட்டியலை வரவழைக்க வேண்டும். பழைய பயாஸ் கணினிகளில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். யூஇஎஃப்ஐ கணினிகளில் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்ட வேண்டும். பட்டியல் தோன்றியதும் ஆங்கில 'இ' விசையை அழுத்தினால் திருத்தும் திரை வரும். அதில் 'லினக்ஸ்' என்ற சொல்லுடன் தொடங்கும் வரியின் இறுதியில் 'குவயட்', 'ஸ்பிளாஷ்' ஆகிய சொற்களையும், அவற்றை அடுத்து டாலர் குறியுடன் 'விடி ஹேண்டாஃப்' எனும் சொல் இருந்தால் அதையும் நீக்க வேண்டும்.

அதே வரியின் இறுதியில் இடைவெளி விட்டு 3 எனும் எண்ணைச் சேர்த்தால், கணினி வரைகலைத் திரைக்குச் செல்லாமல் எழுத்து முனையத்திலேயே நிற்கும். நிலை வேறுபாடின்றி எல்லாக் கெர்னல் செய்திகளும் தேவையெனில், 'இக்னோர்', 'லாக்லெவல்' ஆகிய சொற்களை அடிக்கோட்டால் இணைத்துச் சேர்க்கலாம். பின்னர் எஃப்10 விசையை அழுத்தினால் கணினி தொடங்கும். இம்மாற்றம் அந்த ஒருமுறைக்கு மட்டுமே செல்லும். அடுத்த முறை பழைய அமைப்பே திரும்பிவிடும்.

நிரந்தரமாகத் தக்கவைக்க

இதற்கு நிர்வாகி உரிமை தேவை. பணி இரு படிகளைக் கொண்டது.

முதற்படியில், 'ஈடிசி' கோப்புறைக்குள் 'டிஃபால்ட்' துணைக்கோப்புறையில் உள்ள 'கிரப்' எனும் கோப்பைத் திறந்து, 'குவயட்', 'ஸ்பிளாஷ்' ஆகிய சொற்களை நீக்கிச் சேமிக்க வேண்டும். பின்னர் 'அப்டேட்', 'கிரப்' ஆகிய சொற்களை இடைக்கோட்டால் இணைத்த கட்டளையை 'சூடோ' முன்னொட்டுடன் இயக்க வேண்டும். இக்கட்டளையை இயக்காவிடில் மாற்றம் நடைமுறைக்கு வராது.

இரண்டாம் படியில், முதல் முனையத்துக்கான 'கெட்டி' சேவையின் அமைப்பை மாற்ற வேண்டும். 'சிஸ்டம்-சிடிஎல்' கட்டளையை, ஆங்கிலத்தில் இடைக்கோடின்றி ஒரே சொல்லாக எழுதி, 'எடிட்' எனும் செயலுடன் இயக்க வேண்டும். சேவையின் பெயர்: கெட்டி, அட் குறி, டிடிஒய்1 ஆகியவை இடைவெளியின்றிச் சேர்ந்தது. திறக்கும் திருத்தியில், குறிப்பிடப்பட்ட இடத்தில் இரு வரிகளை எழுத வேண்டும். முதல் வரியில் சதுர அடைப்புக்குறிக்குள் 'சர்வீஸ்' என்ற சொல். இரண்டாம் வரியில் மேற்கூறிய 'டிடிஒய்-விடி-டிஸ்அலொகேட்' அமைப்புக்கு 'நோ' எனும் மதிப்பு. இப்பெயரும் இடைக்கோடின்றி ஒரே சொல்லே. அதில் முதல் ஆறு எழுத்துகளும் பெரிய எழுத்துகள், 'சர்வீஸ்' என்பதன் முதல் எழுத்தும் பெரிய எழுத்து. சேமித்துக் கணினியை மீண்டும் தொடங்கினால், தொடக்கச் செய்திகளின் இறுதிப் பகுதி திரையில் நிற்க, அதன் கீழே பயனர் பெயர் கேட்கப்படும்.

மூலச் சேவைக் கோப்பை நேரடியாகத் திருத்துவது முறையன்று. இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது அத்திருத்தம் அழிந்துவிடும். 'எடிட்' வழியாகச் செய்யும் மாற்றம் தனிக்கோப்பில் சேமிக்கப்படுவதால் நிலைத்து நிற்கும்.

பொதுக் கணினிகளில் கவனம்

திரையைத் துடைக்கும் ஏற்பாடு காரணமின்றிச் செய்யப்பட்டதன்று. ஒருவர் பணி முடித்து வெளியேறியபின், அவர் திரையில் விட்டுச் சென்றவற்றை அடுத்து அமர்பவர் காணாதிருக்கவே அது உள்ளது. பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் பள்ளி ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் இது தேவையான பாதுகாப்பு. ஆகவே மாற்றத்தை முதல் முனையத்துடன் நிறுத்திக்கொள்வது நலம். எல்லா முனையங்களுக்கும் விரிவாக்கக் கூடாது. தேர்வுக்குப் பயன்படும் கணினிகளில் ஒருமுறைக்கான வழியே போதுமானது.

மறைந்த செய்திகளை மீட்க

கணினி முழுமையாகத் தொடங்கிவிட்டால், திரையில் மறைந்த செய்திகளும் உள்ளே பதிவாகியிருக்கும். கெர்னல் தன் செய்திகளை நினைவகத்தில் ஒரு வளையப் பதிவேட்டில் வைத்திருக்கிறது. இடம் நிறைந்தால் பழையவை நீங்கிப் புதியவை சேரும். டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்து எழுத்துக் கட்டளை அதைப் படித்துக் காட்டும். உபுண்டு 20.10 முதல் இக்கட்டளைக்கு நிர்வாகி உரிமை வேண்டும். எனவே முன்னே 'சூடோ' சேர்க்க வேண்டும்.

சேவைகளின் செய்திகளையும் சேர்த்துக் காண 'ஜர்னல்-சிடிஎல்' கட்டளை பயன்படும். இதையும் ஒரே சொல்லாகவே எழுத வேண்டும். அதனுடன் இடைக்கோடு, 'பி' சேர்த்தால் இம்முறைத் தொடக்கத்தின் பதிவுகள் மட்டும் வரும். மேலும் ஓர் இடைவெளி விட்டு 'மைனஸ் 1' எனச் சேர்த்தால், முந்தைய முறை கணினி இயங்கியபோது பதிவானவை கிடைக்கும். திடீரென நின்றுபோன கணினியை மீண்டும் இயக்கியபின் முதலில் பார்க்க வேண்டியது இதுவே.

முந்தைய பதிவுகள் கிடைக்க, அவை வட்டில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். 'வார்' கோப்புறைக்குள் 'லாக்', அதற்குள் 'ஜர்னல்' எனும் கோப்புறை இருந்தால், இயல்பான அமைப்பில் பதிவுகள் வட்டில் எழுதப்படும். இல்லாவிடில் அவை நினைவகத்தில் மட்டும் இருந்து, மின்சாரம் நின்றதும் அழியும். அக்கோப்புறை உள்ளதா என்பதை, பழுது வருமுன்னரே ஒவ்வொரு கணினியிலும் சரிபார்த்து வைப்பது நன்று.

பதிவேடு கைகொடுக்காத இடம்

வட்டே திறக்கப்படாத நிலையில் பதிவு எழுத இடமிருக்காது. மூலக் கோப்பமைப்பை இணைக்க இயலாமல் கெர்னல் நின்றுவிடும்போது, திரையில் எஞ்சி நிற்கும் வரிகளைத் தவிர வேறு சான்று பெரும்பாலும் இல்லை. அத்தருணத்தில் மின் விசையை அணைக்குமுன் திரையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். வரிகள் விரைந்தோடினால், தொடக்கம் முழுவதையும் காணொளியாகப் பதிந்து, பின்னர் நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம்.

பல கணினிகளைப் பராமரிப்போருக்கு 'நெட்-கன்சோல்' எனும் கெர்னல் வசதி உண்டு. வலையமைப்பு இயக்கி ஏற்றப்பட்டதிலிருந்து, கெர்னல் செய்திகளை அதே வலையமைப்பில் உள்ள மற்றொரு கணினிக்கு அது அனுப்பும்.

வரிகளைப் படிக்கும்போது, வட்டின் பெயருடன் 'ஐ/ஓ எரர்' என மீண்டும் மீண்டும் வந்தால், வட்டோ அதன் கம்பி இணைப்போ பழுதடைந்திருக்க வாய்ப்பு மிகுதி. அந்நிலையில் கோப்பமைப்பைச் சீரமைக்கும் கட்டளையை உடனே இயக்குதல் கூடாது. இணைப்பைச் சரிபார்த்து, முதலில் மாணவர்களின் கோப்புகளை வேறு வட்டுக்குப் படியெடுத்துவிட்டு, அதன் பின்னரே சீரமைப்பில் இறங்க வேண்டும். பழுதான வட்டில் சீரமைப்புக் கட்டளை மேலும் எழுத முற்படும்போது, எஞ்சியிருந்த கோப்புகளும் இழக்கப்படும் அபாயம் உண்டு.