நாளத்தின் வாயிலில்: சோணையறை நடுக்கத்துக்கான சிகிச்சையின் வரலாறு

டொக்டர்மார் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்லும் நோயில் இதயத்தின் மேலறைகள், அதாவது சோணையறைகள், ஒழுங்காகச் சுருங்குவதில்லை. சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். அங்கே தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம். இதற்கான கதீற்றர் சிகிச்சையில் எந்தக் கருவி சிறந்தது என்பதே இன்றைய பேச்சு. வரலாற்றைப் பார்த்தால் கருவியைவிட இடம்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

1982இல் சான் பிரான்சிஸ்கோவில் மெல்வின் ஷைன்மன் குழுவினர் நாளத்தினூடாகக் கதீற்றரைச் செலுத்தி, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மின்சந்தியை மின்னதிர்ச்சியால் அழித்தார்கள். நடுக்கம் நிற்கவில்லை; அது கீழே இறங்காமல் தடுக்கப்பட்டது, அவ்வளவுதான். நோயாளி பேஸ்மேக்கரை நம்பி வாழ வேண்டும். 1987இல் சென்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் கொக்ஸ் நெஞ்சைத் திறந்து, சோணையறையைப் புதிர்ப்பாதை போல வெட்டித் தைத்தார். பலன் கிடைத்தது, ஆனால் பெரிய ஒபரேஷன். அந்தக் கோடுகளைக் கதீற்றரால் உள்ளிருந்தே சுட்டு வரைய முயன்றவர்கள் மணிக்கணக்காகப் பாடுபட்டார்கள்.

திருப்பம் 1998இல் பிரான்சின் போர்தோ நகரில் வந்தது. மிஷேல் ஐசகேர் குழுவினர் 45 நோயாளிகளிடம் நடுக்கத்தைத் தொடக்கிவைக்கும் 69 புள்ளிகளைக் கண்டார்கள். அவற்றில் 94 வீதமானவை சுவாசப்பை நாளங்களுக்குள் இருந்தன! சோணையறைத் தசை அந்த நாளங்களுக்குள் கொஞ்சத்தூரம் சட்டைக் கை மாதிரி நீண்டிருக்கிறது. மின்பொறி பிறப்பது அங்கேதான்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு பெயர் ஞாபகம் வரும். டமஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் மருத்துவம் பார்த்த இப்னுன் நபீஸ், 1242இல் இப்னு சீனாவின் 'கானூன்' நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு விளக்கவுரை எழுதினார். இதயத்தின் நடுச்சுவரில் கேலன் சொன்ன துவாரங்கள் இல்லை, இரத்தம் சுவாசப்பைக்குப் போய் அதன் நாளத்தினூடாகவே இடப்பக்கம் வருகிறது என்றார். அந்த நாளத்துக்கு அரபு மருத்துவர்கள் இட்ட பெயர் 'ஷிர்யான் வரீதி', நாளம் போன்ற நாடி. 'வரீத்' என்ற சொல் சூரா காஃப் ஓதுகிறவர்களுக்குப் புதிதல்ல. 1924இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவி ஜேர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய ஆய்வேடுதான் இதை வெளிக்கொண்டு வந்தது. அதற்காக, 'எல்லாம் நம்மட கிதாபுல இருக்கு' என்று மேடையில் முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் இரத்தத்தின் வழியைச் சொன்னார். மின்பொறியை அவர் அறிய வழியேயில்லை. சொன்னதே அவருடைய பெருமைக்குப் போதும்.

1998க்குப் பிறகு வேலை, நாளத்தின் வாயைச் சுற்றி ஒரு வளையம் போட்டு மின்னைத் தடுப்பது. 'அப்லேஷன்' என்பதை 'நீக்கம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். எதையும் வெட்டி எடுப்பதில்லையே! 'வடுவாக்கல்' என்பதே பொருந்தும். ரேடியோ அலைவரிசை முறையில் புள்ளி புள்ளியாகச் சுட்டு வளையம் போடுவார்கள். இடையில் சிறு இடைவெளி விட்டாலும் நோய் திரும்பலாம். குளிர்ப் பலூன் நாளவாயை அடைத்துக்கொண்டு ஒரே தடவையில் வட்டமாக உறையவைக்கும். வந்துவந்து போகும் வகை நோயுள்ள 762 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட 'ஃபயர் அண்ட் ஐஸ்' ஆய்வு 2016இல் வெளியானது. சிகிச்சை பலனளிக்காதவர்கள் குளிரில் 34.6 வீதம், சூட்டில் 35.9 வீதம். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பிரிமென்றகட்டு நரம்பு பாதிக்கப்பட்டது குளிர்ப் பக்கத்தில் மட்டும், 2.7 வீதம்.

சூட்டுக்கும் ஓர் ஆபத்து உண்டு. இடது சோணையறையின் முதுகோடு ஒட்டியிருப்பது உணவுக்குழாய். அரிதாக இரண்டுக்கும் இடையே துளை விழுந்தால் உயிருக்கே மோசம். மின்துடிப்பு முறை இதற்காகவே வரவேற்கப்பட்டது. கணநேர மின்துடிப்புகள் கலமென்சவ்வைத் துளைக்கின்றன. இதயத்தசை சீக்கிரம் மடிகிறது, அயலிலுள்ளவை பெரும்பாலும் தப்புகின்றன. 2023இல் வெளியான 'அட்வென்ட்' ஆய்வில் 607 பேர்: புதிய முறையில் 73.3 வீதம் வெற்றி, பழைய சூடு, குளிர் முறைகளில் 71.3.

தொடர்ந்து நீடிக்கும் வகை நோயில், நாளவாய் வளையத்தோடு மேலதிகக் கோடுகளும் போட்டால் நல்லது என்று நினைத்தார்கள். 589 பேரை ஆராய்ந்த 'ஸ்டார் ஏஎஃப் 2' (2015) அதனால் பயனில்லை என்றது.

மருந்தோடு ஒப்பிட்ட 'கபானா' (2019) ஆய்வில் 2,204 பேர். வடுவாக்கலால் நடுக்கம் குறைந்தது, வாழ்க்கை இலகுவானது. ஆனால் மரணம், பாரிசவாதம் முதலியவற்றைச் சேர்த்த பிரதான கணக்கில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே எந்தக் கருவியால் செய்தாலும், பாரிசவாத ஆபத்து உள்ளவர், 'இனி சுகந்தானே' என்று இரத்தம் உறையாமலிருக்கக் குடிக்கும் குளிசையைத் தானாக நிறுத்தக்கூடாது.