முகக்குறியும் உள்ளுறுப்பும்: மூன்று மருத்துவ மரபுகள்

நோயாளியின் முகத்தை நோக்கி அவனுடைய உள்ளுறுப்புகளின் நிலையை உய்த்துணர முயலுதல் பண்டை மருத்துவ மரபுகள் பலவற்றுக்கும் பொதுவானது. முகத்தின் சாட்சியத்தை அம்மரபுகள் எவ்வளவு தூரம் நம்பின என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வாராய்ச்சிக்குக் கல்முனை முதல் ஒலுவில் வரையான கிழக்குக் கரையோரம் பொருத்தமானதொரு நிலைக்களனாகும். போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் இக்கரையில் சித்த மருத்துவமும் யூனானியும் அறிமுகமானவை. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டதாயினும், அது நோக்கி நிற்கும் கடல் அரபு நாட்டையும் சீனத்தையும் நெடுங்காலம் இணைத்த வழியாகும். அத்தொடர்புக்குச் சான்று, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் வருகையோடு தொடர்புடையதும் 1409ஆம் ஆண்டைக் குறிப்பதுமான கல்வெட்டு. 1911இல் காலியிற் கண்டெடுக்கப்பட்ட அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகள் உள. கோயிற் கொடைகளைக் கூறும் அக்கல் மருத்துவம் பற்றிப் பேசவில்லை. எனினும், அம்மொழிகள் மூன்றும் முகக்குறி தேர்ந்த மூன்று மருத்துவங்களின் மொழிகளுமாகும்.

சீன மருத்துவத்தின் மூலநூலாகிய ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடையது. ஈரலில் வெப்பநோய் தோன்றின் இடக்கன்னமும், இருதயத்தில் தோன்றின் நெற்றியும், மண்ணீரலில் தோன்றின் மூக்கும், நுரையீரலில் தோன்றின் வலக்கன்னமும், சிறுநீரகத்தில் தோன்றின் மோவாயும் முதலிற் சிவக்கும் என்பது அதன் கூற்று. இன்று முகப்பருவின் இடங்கொண்டு உறுப்பின் கேட்டைக் கூறும் படங்கள் இக்கூற்றையே ஒத்துள்ளன. ஆனால், அவ்வதிகாரம் வெப்பநோய்களைப் பற்றியது, பருக்களைப் பற்றியதன்று. மேலும், பார்த்தல், கேட்டலும் முகர்தலும், வினாவுதல், தொட்டறிதல் என்னும் நான்கும் சேர்ந்தே அம்மரபில் நோய்த்தேர்வு ஆயின. முகநோக்கு நான்கனுள் ஒன்றன் பகுதியே.

சித்த மருத்துவம் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எண்வகைத் தேர்வை வகுத்தது. வாதத்துக்குக் கருமையும், பித்தத்துக்கு மஞ்சளும், கபத்துக்கு வெண்மையும் குறிகளாகக் கொள்ளப்பட்டன. இவற்றுள் நா, நிறம், விழி ஆகியன முகத்தை நோக்கின் புலப்படுவன. ஏனையவற்றை அறியப் பரிசாரி கையைத் தொட வேண்டும். பேச்சைக் கேட்க வேண்டும். கழிவையும் ஆராய வேண்டும்.

யூனானியின் வேர் கிரேக்கத்தில் உள்ளது. கூர்த்த மூக்கு, குழிந்த கண், ஒடுங்கிய பொட்டு, குளிர்ந்த காது ஆகியவற்றைச் சாக்குறியாகக் கூறிய இப்போக்கிரத்தீசு மரபு நூல், உடனே ஓர் எச்சரிக்கையையும் தருகிறது: நோயாளி உறக்கமின்றியோ, வயிற்றுப்போக்குற்றோ, பசித்தோ இருந்தானா என வினவுதல் வேண்டும், இவை காரணமாயின் ஆபத்துக் குறைவு. 1037இல் மறைந்த இப்னு ஸீனாவும் உடலின் இயல்பைக் காட்டும் பத்துக் குறிகளுள் ஒன்றாகவே நிறத்தை வைத்தார். சீன மருத்துவமும் இம்மரபினர்க்கு முற்றும் அயலானதாய் இருக்கவில்லை. பாரசீகத்தில் ரஷீதுத்தீன் 1313 அளவில் சீன மருத்துவ நூல்களைப் பாரசீக மொழியில் ஆக்குவித்தார்.

இம்மரபுகளின் கோட்பாடுகள் வேறுபடினும் ஒழுங்கு ஒன்றே: முகம் ஐயத்தை எழுப்பும், ஏனைய தேர்வுகள் அதனை உறுதிசெய்யும் அல்லது நீக்கும். இன்றைய மருத்துவமும் கண்வெண்மையின் மஞ்சளிற் காமாலையையும், கீழிமையின் வெளிறலில் இரத்தச்சோகையையும், உதட்டின் நீலத்திற் பிராணவாயுக் குறைவையும் ஐயுறுகின்றது; பின்னர்ச் சோதனையால் தெளிகின்றது. இடக்கன்னத்தை ஈரலோடு இணைக்கும் தனிவழி எதனையும் உடற்கூற்றியல் காணவில்லை.

எனவே, முகப்படம் ஒன்றை மட்டும் கொண்டு தன் ஈரல் நலமுடையதெனத் தேறுபவனும், கெட்டதென அஞ்சி மருந்துண்பவனும் பழைய மருத்துவத்தைப் பின்பற்றுவோர் அல்லர். நோய் தொடக்கத்தில் முகத்திற் சுவடே காட்டாதிருத்தலும் உண்டு. மரபைப் போற்றுவோர் அதன் குறிகளோடு, அக்குறிகளைச் சோதித்தறிந்த அதன் நிதானத்தையும் போற்றுதல் கடனாகும்.