வெண்காரமும் நியூட்ரானும் - 7: அணு உலைக்கு அடியில் ஓர் அறுவை அரங்கு

குழந்தையின் வாய்ப்புண்ணுக்குப் பாட்டிமார் தேனில் குழைத்துத் தடவிய வெண்காரம், தட்டார் பொடிவைத்து ஊதும்போது சேர்க்கும் அதே வெண்காரம், 1951-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் மூளைப் புற்றுநோயாளிகளின் நரம்பில் ஏறியது.

அதிலுள்ள போரான்தான் காரணம். நாகலூர்ப் பக்கம் காப்பி பயிரிடுவோருக்கு அது செடிக்கு வேண்டிய நுண்ணூட்டம். கல்பாக்கத்தில் அணு உலையை அடக்கும் கோல்களில் இருப்பதும் அதுவே. போரான்-10 நியூட்ரானை விழுங்கிய கணமே ஆல்ஃபா துகளாகவும் லித்தியமாகவும் வெடித்துப் பிரியும். இரண்டும் பாயும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஏறத்தாழ ஒரு செல்லின் அகலம். போரான் புகுந்த செல் சாகும். பக்கத்துச் செல் பிழைக்கும். 1936-லேயே இதை எழுதிவைத்தவர் இயற்பியலாளர் லோச்சர்.

வெட்டி எடுத்தாலும் மீண்டும் முளைக்கும் கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைக் கட்டியோடு போராடிக்கொண்டிருந்த பாஸ்டன் அறுவை நிபுணர் வில்லியம் ஸ்வீட் இதைப் பற்றிக்கொண்டார். நல்ல மூளை ரத்தத்திலிருந்து போரானை எளிதில் உள்ளே விடாது, கட்டி விடும் என்பது அவர் கணக்கு. புரூக்ஹேவனில் லீ ஃபார் தலைமையில் முதலில் 10 பேர். ஒருவர்கூட ஓராண்டைத் தாண்டவில்லை. தோலையும் எலும்பையும் கடப்பதற்குள் உலையிலிருந்து வந்த நியூட்ரான்கள் சோர்ந்துபோயின.

அப்படியானால் மண்டையோட்டைத் திறந்துவிட்டால்?

1959. எம்.ஐ.டி. அணு உலைக்கு நேர் கீழே ஓர் அறுவை அரங்கு. மயக்கத்தில் நோயாளி. தோலும் எலும்பும் விலக்கப்பட்டு, திறந்த மூளையின் மீது மேலிருந்து நியூட்ரான் கற்றை இறங்கியது. 1961 வரை 18 பேர்.

கட்டி ஒருபுறம் இருக்க, நல்ல மூளையும் பலருக்குக் கருகியது. போரான் ரத்தத்திலேயே தங்கியிருந்ததால் வெடிப்பு ரத்தக் குழாய்ச் சுவர்களைத் தாக்கியிருந்தது. வேறு வழியில்லாமல் அந்த மேசையில் படுத்தவர்களைத் தோல்விக் கணக்கில் எழுதி மூட எனக்கு மனம் வரவில்லை. எண்ணம் பிழையல்ல, மருந்துதான் பிழை என்று மருத்துவத்துக்குக் காட்டிக்கொடுத்தவை அவர்களின் மூளைகளே.

அமெரிக்கா கைவிட்டது. ஆனால் 1964-ல் ஸ்வீட்டிடம் பயில ஹிரோஷி ஹட்டனாகா என்ற ஜப்பானிய இளைஞர் வந்து சேர்ந்தார். தோல்வி ஒவ்வொன்றையும் படித்தார். கந்தகம் கலந்த புதிய போரான் சேர்மம் ஒன்று அவர் கவனத்தை ஈர்த்தது. 1968-ல், ஜப்பானில், அதை நம்பி ஒரு நோயாளியை உலைக்கு முன் கிடத்தினார்.

இந்த முறையாவது போரான் ரத்தத்தை விட்டுக் கட்டிக்குள் போய்ச் சேர்ந்ததா?

(தொடரும்)