நீர் மின்பகுப்பு வினையூக்கிகள்

மின்சாரத்தால் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும்போது, அந்த வினையைக் குறைந்த மின்னழுத்தத்தில் விரைவாக நடத்தித்தரும் மின்முனைப் பொருள்கள் நீர் மின்பகுப்பு வினையூக்கிகள் எனப்படுகின்றன. பிளாட்டினம், நிக்கல், இரிடியம் ஆக்சைடு, ருத்தேனியம் ஆக்சைடு, நிக்கல்–இரும்பு ஹைட்ராக்சைடு, மாலிப்டினம் சல்பைடு ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. வேகம், ஆயுள், மலிவு ஆகிய மூன்றும் ஒரே பொருளில் அமைவது அரிது. இந்த மூன்றையும் ஒன்றுசேர்க்க இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் முயற்சியே இத்துறையின் வரலாறு.

வினையின் இயல்பு

சாதாரண வெப்பநிலையில் நீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். ஆலைகளில் உள்ள மின்பகுப்புக் கலங்களுக்கு ஏறக்குறைய 1.8 முதல் 2 வோல்ட் வரை தேவைப்படுகிறது. கூடுதல் மின்னழுத்தத்தில் ஒரு பகுதி கலத்தின் மின்தடையால் வருவது. மற்றொரு பகுதி, மந்தமான வினையை முடுக்கத் தர வேண்டிய மிகை மின்னழுத்தம். ஒரு கிலோ ஹைட்ரஜனில் அடங்கிய ஆற்றல் சுமார் 39 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதைத் தயாரிக்க ஆலைகள் 50 யூனிட்டுக்கு மேல் செலவிடுகின்றன.

எதிர்மின்முனையில் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு உருவாக இரண்டு எலக்ட்ரான்கள் போதும். நேர்மின்முனையில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்கள் படிப்படியாக இடம்பெயர வேண்டும். ஆகவே ஆக்சிஜன் பக்கமே மெதுவானது. அங்கே உலோகம் அரிபடும் அபாயமும் அதிகம்.

தொடக்கம்

1789இல் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த பேட்ஸ் வான் ட்ரூஸ்ட்விக், டைமன் ஆகிய இருவரும் உராய்வு மின்பொறியின் மின்சாரத்தைத் தங்கக் கம்பிகள் வழியே செலுத்தி நீரைப் பிரித்தனர். 1800இல் வோல்டாவின் மின்னடுக்கு பற்றிய செய்தி லண்டனை எட்டியதும், வில்லியம் நிக்கல்சனும் ஆண்டனி கார்லைலும் அதே சோதனையைத் தொடர் மின்னோட்டத்தால் செய்தனர். பித்தளைக் கம்பிகளைப் பயன்படுத்தியபோது ஒரு கம்பியில் ஹைட்ரஜன் குமிழிகள் எழுந்தன. மற்றது ஆக்சிஜனை ஏற்று அரிபட்டது. பிளாட்டினக் கம்பிகளுக்கு மாறியதும் இரு முனைகளிலும் வாயு வெளிவந்தது. மின்முனைப் பொருளே வினையின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பதை அன்றே அச்சோதனை காட்டியது.

நிக்கல் காலம்

தொழிற்சாலைகளுக்குப் பிளாட்டினம் கட்டுப்படியாகவில்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரக் கரைசலில் நிக்கல் அரிபடாமல் நிற்கும், விலையும் குறைவு. நிக்கல் பூசிய எஃகும் நிக்கலும் கொண்ட காரக் கலங்கள் அணைக்கட்டு மின்சாரம் மலிவாகக் கிடைத்த இடங்களில் பெருகின. நார்வேயின் வேமோர்க்கில் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் 1920களின் இறுதியில் உர உற்பத்திக்காகப் பெரும் மின்பகுப்பு ஆலையை அமைத்தது. அங்கு துணைப்பொருளாகக் கிடைத்த கனநீரே 1943இல் அந்த ஆலையை நாசவேலைக்கு இலக்காக்கியது. பக்ரா அணை மின்சாரத்தைக் கொண்டு பஞ்சாபின் நங்கலிலும் இதே முறையில் ஹைட்ரஜனும் உரமும் தயாரிக்கப்பட்டன. இந்தியாவின் முதல் கனநீர் ஆலை 1962இல் அங்கேதான் இயங்கத் தொடங்கியது.

கோட்பாட்டின் வளர்ச்சி

மிகை மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்தின் மடக்கைக்கும் உள்ள நேர்த்தொடர்பை ஜூலியஸ் டாஃபெல் 1905இல் வெளியிட்டார். வினையூக்கிகளை ஒப்பிட இன்றும் அச்சமன்பாடே அளவுகோல். ஹைட்ரஜனை உருவாக்கும் இயல்பான வேகத்தில் பிளாட்டினத்துக்கும் பாதரசத்துக்கும் இடையே ஏறத்தாழ நூறு கோடி மடங்கு வேறுபாடு உண்டு.

காரணத்தை பால் சபாட்டியேயின் கொள்கை விளக்குகிறது. வினைபடு அணுவை வினையூக்கி மிக இறுக்கமாகப் பிடித்தால் அது மேற்பரப்பை விட்டு விலகாது. மிகத் தளர்வாகப் பிடித்தால் வினையே தொடங்காது. ரோஜர் பார்சன்ஸ் 1958இல் இதைக் கணிதமாக்கினார். செர்ஜியோ டிரசாட்டி 1972இல் பல உலோகங்களின் அளவீடுகளை வரைபடமாக்கியபோது, இருபுறமும் சரிந்து நடுவில் உயரும் ‘எரிமலை வளைகோடு’ கிடைத்தது. அதன் உச்சியருகே இருந்தது பிளாட்டினம்.

அமிலச் சூழலும் இரிடியமும்

ஹென்றி பீர் 1960களில் டைட்டேனியத் தகட்டின் மேல் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய நேர்மின்முனைகளை உருவாக்கி, குளோரின் தொழிலில் கிராஃபைட்டின் இடத்தைப் பிடிக்கச் செய்தார். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இவ்வகை டைட்டேனிய மின்முனைகளை இந்திய ஆலைகளுக்காக உருவாக்கியது.

புரோட்டானைக் கடத்தும் பாலிமர் சவ்வு கொண்ட கலங்கள் 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் தோன்றின. இவை சூரிய ஒளி, காற்று மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வுக்கு விரைவாக ஈடுகொடுக்கின்றன. ஆனால் சவ்வின் அமிலத்தன்மையில் நிக்கல் கரைந்துவிடும். ஆக்சிஜன் பக்கத்தில் ருத்தேனியம் ஆக்சைடு வேகமானது, எனினும் மெல்லக் கரைகிறது. நீடித்து நிற்பது இரிடியம் ஆக்சைடு. இரிடியமோ பிளாட்டினச் சுரங்கங்களின் துணைப்பொருளாக, பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில், உலகம் முழுவதற்கும் ஆண்டுக்குச் சில டன் அளவில் மட்டுமே கிடைக்கிறது.

மலிவான மாற்றுகள்

2005இல் யென்ஸ் நோர்ஸ்கோவின் குழு, மாலிப்டினம் சல்பைடு படிகத்தின் விளிம்புகள் ஹைட்ரஜன் உற்பத்திக்கு ஏற்றவை எனக் கணித்தது. 2007இல் சோதனை அதை உறுதிசெய்தது. 2008இல் டேனியல் நோசெராவும் மேத்யூ கானனும் நடுநிலைக்கு அருகிலுள்ள நீரில், கரைசலிலிருந்தே தானாகப் படியும் கோபால்ட்–பாஸ்பேட் வினையூக்கியை அறிவித்தனர். 2013இல் நிக்கல் பாஸ்பைடு இப்பட்டியலில் சேர்ந்தது.

காரக் கரைசலில் இரும்பின் பங்கு வெளிப்பட்டது பெரிய திருப்பம். நிக்கல் மின்கலங்களில் இரும்பு தீங்கான மாசாகக் கருதப்பட்டு வந்தது. அந்த மாசு ஆக்சிஜன் வினையைப் பெரிதும் விரைவுபடுத்துவதை டென்னிஸ் காரிகன் 1987இல் காட்டினார். இரும்பை முற்றிலும் நீக்கினால் நிக்கல் மந்தமாகிவிடுகிறது என்பதை ஷானன் போட்சரின் குழு 2014இல் தெளிவாக்கியது. நிக்கல்–இரும்பு ஹைட்ராக்சைடு இன்று காரச் சூழலில் ஆக்சிஜனுக்கான மிகச் சிறந்த வினையூக்கிகளுள் ஒன்று.

இன்றைய நிலை

இந்தியாவின் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம் 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒப்புதல் பெற்றது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தித் திறன் அதன் இலக்கு. எனினும் உலக ஹைட்ரஜனில் பெரும்பகுதி இன்னமும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே வருகிறது. காரக் கலங்களுக்கு மலிவான வினையூக்கிகள் உள்ளன. அமிலச் சவ்வுக் கலங்களின் ஆக்சிஜன் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்து, இரிடியத்தின் இடத்தை முழுமையாக நிரப்பும் மலிவான பொருள் இதுவரை தொழில்முறைப் பயன்பாட்டுக்கு வரவில்லை.